இடது கன்னம்

"பால் ஒரு விரல்கடை குறைஞ்சிருக்கு" என்றாள் இர்மா ஹல்வர்சன், தலையை நிமிர்த்தாமல். சாமான் பிரிவு ஆள் சாடியோடு ஓடி வந்தான். தம்ளரில் பால் ஏறியது. "போதும்." நிறுத்தினான். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் குடும்பம் மேசையை விட்டு எழுந்தபோது பால் எங்கே நின்றதோ அங்கே மறுபடியும் நின்றது. ஐந்து பேரும் வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்கினார்கள்.

அவள் வேலை அதுதான். படத்தைத் துண்டு துண்டாக எடுக்கிறோம். கதவைத் திறப்பது செவ்வாய்க்கிழமை, உள்ளே நுழைவது அதற்கடுத்த வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் கைக்குட்டை கை மாறிவிடக் கூடாது. சிகரெட் வளர்ந்துவிடக் கூடாது. அழுத கண் உலர்ந்துவிடக் கூடாது. இதையெல்லாம் பார்த்து எழுத காமிராவுக்குப் பக்கத்தில் மடக்கு ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். இர்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஸ்டுடியோவில் இருபத்தொரு வருடமாக இருக்கிறாள். இன்னும் அவளை 'ஸ்கிரிப்ட் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காமிராவின் ஃபோகஸைத் திருப்புகிறவனுக்கு இருபத்தாறு வயது. அவன் மிஸ்டர் காலஹன்.

நான் மைக் பிடிக்கிறவன். நீளக் கழியோடு மேலே நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் அவள் நரைத்த வகிடும், மடியில் திறந்த கதைப் பிரதியும், கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரமும்தான் தெரியும். முகம் அபூர்வமாகத் தெரியும். முகம் தெரிந்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் ஸ்டுடியோவில் மூன்று வருடங்களாகக் குடும்பங்கள்தான் உடைகின்றன. அதற்கு முன்னால் கௌபாய் படங்களில் குதிரைகள் ஓடின. குதிரைகளைத் தொலைக்காட்சி கொண்டுபோய்விட்டது. இப்போது ஒரு அப்பா. அவருக்கு எண்ணெய்க் கிணறோ காகித ஆலையோ இருக்கும். குடிக்கிற மகன். கதவை அறைந்து சாத்துகிற மகள். பியானோவுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. எல்லாக் குற்றமும் கடைசியில் அவள் தலையில் வந்து விடியும். ஒன்பதாம் படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும் மாடிப்படி நான்கு குடும்பங்களுக்கு உழைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு வண்ணம் பூசுவார்கள். பதினான்கு படி. மேலே ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் ஏணி. கோபித்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவர்கள் ஏணி வழியாக இறங்கி காப்பி குடிக்கப் போவார்கள்.

"இந்த வீடுகள்ல யாரும் ஒரு தட்டு கழுவி நான் பாத்ததில்ல" என்பாள் இர்மா. "அழறதுக்கு இவங்களுக்கு இத்தனை நேரம் எங்கேருந்து கிடைக்குது?"

தட்டு கழுவுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது; 'வேலைக்காரி' என்று அச்சடித்திருக்கும். அந்த வேடத்துக்கு எப்போதும் கறுப்பினப் பெண் ஒருத்தியைக் கூப்பிடுவார்கள், ஒரு தட்டைக் கொடுப்பார்கள், ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். இந்த முறை வந்தவளிடம் இர்மா பெயரைக் கேட்டு, தன் குறிப்பில் 'மிஸஸ் டாலிவர்' என்று எழுதிக்கொண்டாள். இரண்டாம் வாரம் டைரக்டர் பிக்ஸ்பியிடம் போய் நின்றாள்.

"பன்னெண்டாம் சீன்ல மிஸஸ் டாலிவர் தட்டோட சமையல் ரூமுக்குள்ள போறாங்க. அறுபதாம் சீன்லதான் வெளிய வராங்க. கதைப்படி நடுவுல மூணு நாள். அந்தம்மா மூணு நாளா உள்ள என்ன பண்றாங்க?"

பிக்ஸ்பி சிரித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் வருடத்துக்கு நான்கு படம் கிடைக்கிறது. "அதை யாரு கேக்கப் போறா இர்மா?"

"நான் கேக்கறேன்ல."

பிக்ஸ்பி காமிராப் பக்கம் போய்விட்டார். இர்மா 'மிஸஸ் டாலிவர், மூன்று நாள், தெரியவில்லை' என்று எழுதி வைத்தாள். அந்தத் தாள் எடிட்டிங் அறைக்குப் போயிற்று. அங்கே அதைச் சுவரில் ஒட்டி வைத்துச் சிரித்தார்கள்.

ஸ்டுடியோவுக்கு வெளியிலும் அவள் அப்படித்தான். கணவர் ஓர்வில் வென்ச்சுரா சாலையில் பஸ் ஓட்டுகிறார். விருந்தாளிகள் வந்திருக்கும்போது அவர் தன் சிறுவயதுக் கதை ஒன்றைத் தொடங்குவார். பாதியில் இவள் நிறுத்துவாள்: "போன ஈஸ்டருக்குச் சொன்னப்போ நாய் பழுப்பு நிறம்." ஓர்வில் யோசித்துவிட்டு, "ஆமா, பழுப்புதான்" என்று நாயை மாற்றிக்கொண்டு மேலே போவார். எங்கள் லைட்மேன் ஒருவன் இறந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள், குனிந்து அவன் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அடக்க நிறுவனத்து ஆள் சீப்போடு வந்தான். வகிடு தப்பான பக்கம் எடுக்கப்பட்டிருந்தது. அந்த விதவை இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு இர்மாவுக்குப் பழக் கேக் அனுப்புகிறாள்.

தான் வேலை செய்த படங்களை அவள் பார்ப்பதில்லை. "வெட்டி ஒட்டினப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. செய்ய முடியாததைப் போய் இருட்டுல உக்காந்து பாக்கணுமா?"

அவளுக்குப் பெருமை இருப்பது ஒரே ஒரு விஷயத்தில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாள்காட்டி தயாரிப்பாள். கதை எழுதுகிறவர்கள் 'பிறகு' என்று எழுதுவார்கள், 'ஒரு காலையில்' என்று எழுதுவார்கள். இவள் அதைக் கிழமையாக்குவாள். எந்தச் சண்டை திங்கள், எந்தச் சமாதானம் புதன், நடுவில் யார் தூங்கினார்கள், யாருக்குத் தாடி வளர்ந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் வியாழன் மாலை சாப்பாட்டு மேசையில் மகள் உண்மையைச் சொல்கிறாள்: அண்ணன் குடிகாரனானதற்கு அப்பாதான் காரணம். அப்பா எழுந்து அவளை அறைகிறார். வலது கை. மோதிரம் போட்ட கை. அது அவள் இடது கன்னத்தில், எலும்புக்குக் கீழே விழுகிறது.

மேக்கப் கஸ் அந்தக் காயத்தைப் போட்டான். போடுவதற்கு முன்னால் இர்மா அவனுக்கு ஒரு தாள் கொடுத்தாள். முதல் நாள் சிவப்பு, வீக்கம். மறுநாள் கருநீலம். ஐந்தாம் நாள் ஓரத்தில் பச்சை. பிறகு மஞ்சள். மொத்தம் பத்து நாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் தாயே?" என்றான் கஸ்.

"ஸ்டுடியோ நர்ஸைக் கேட்டேன். நீயும் கேட்டிருக்கலாம். உன் அறைக்கு அடுத்த அறைதான்."

அறை விழுந்த அன்று இரவு நடப்பதாக எழுபத்திநாலாம் சீன். மகள் தன் அறையில் கண்ணாடியைப் பார்க்கிறாள். வசனம் இல்லை. மகளாக நடிக்கும் டோரீன் வேல் என்பவளுக்கு இருபத்திரண்டு வயது. அயோவாவில் ஏதோ ஒரு அழகிப் போட்டியில் ஜெயித்து வந்தவள். அதுவரை அவள் நடிப்பைப் பற்றி யாருக்கும் பெரிய எண்ணம் கிடையாது. கண்ணாடி முன்னால் இரண்டு நிமிஷம் பதினொரு விநாடி உட்கார்ந்திருந்தாள். தன் முகத்தை, வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிக்ஸ்பி 'கட்' சொல்ல மறந்துவிட்டார். கதைப்படி மறுநாள் காலை, வெள்ளி, பெட்டியோடு மாடிப்படி இறங்கி, அப்பாவைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். படம் அங்கே முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தோம். வழக்கப்படி வெளியூரில் ஒரு தியேட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டினார்கள். ரிவர்சைடில். வேறு படம் பார்க்க வந்த சனங்களுக்கு இது கிடைத்தது. வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு அட்டையும் துண்டுப் பென்சிலும் கொடுத்தார்கள். 'பெண் ரொம்பத் திமிர் பிடித்தவள்.' 'அப்பா பாவம், அவருக்கு எத்தனை கவலை.' 'கடைசியில் சேர்ந்திருக்கலாம், எனக்கும் மகள் இருக்கிறாள்.' 'நல்ல படம், நாற்காலி சரியில்லை.' நூற்று நாற்பத்து மூன்று அட்டை. கார் நிறுத்திய இடத்தை யோசித்துக்கொண்டே சுவரில் வைத்து எழுதியவை. ஒரு வருடம் உட்கார்ந்து எழுதி, இரண்டு மாதம் நின்று எடுத்ததை இந்த அட்டைகள் ஐந்து நிமிஷத்தில் திருத்தின. தயாரிப்பாளர் வாரன் டிப்பெட் அவற்றை ரப்பர் வளையம் போட்டு ஒரு வாரம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான்.

புதிய பக்கங்கள் வந்தன. மாற்றி எழுதியவை என்று தெரிய இளஞ்சிவப்புத் தாளில் அடித்திருப்பார்கள். எழுபத்தைந்து-அ. மகள் பெட்டியோடு மாடிப்படியின் பாதியில் வந்து நிற்கிறாள். கீழே அப்பா. "வா மகளே. நடந்ததை மறந்துடுவோம்" என்கிறார். பெட்டி கீழே விழுகிறது. "நான்தான் தப்பு பண்ணிட்டேன் அப்பா" என்று ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்கிறாள். இசை.

போன வியாழக்கிழமை அதை எடுத்தோம். மாடிப்படியை மறுபடி நிறுத்தி, பழைய வண்ணத்தைத் தேடிப் பூசியிருந்தார்கள். அப்பாவாக நடித்தவர் வேறு கம்பெனிப் படத்துக்காக அரிசோனா பாலைவனத்தில் இருந்தார். அதற்கென்ன, அவர் கோட்டை ஒரு பதிலாளுக்குப் போட்டு முதுகை மட்டும் காட்டிக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். அந்த முதுகு ஒரு மூலையில் பொட்டலம் பிரித்து டோனட் தின்றுகொண்டிருந்தது.

டிப்பெட் பத்து மணிக்கு வந்தான். டோரீனைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"கஸ், அந்தக் கறையை எடுத்துடு."

"எந்தக் கறை சார்?"

"மூஞ்சில இருக்கே, அது."

கஸ் இர்மாவைப் பார்த்தான். வகிடு மறைந்து முகம் தெரிந்தது.

"அது இருக்கணும் மிஸ்டர் டிப்பெட். எழுபத்திநாலு வியாழன் ராத்திரி. இது வெள்ளி காலைல. நடுவுல எட்டு மணி நேரம்தான்."

"தெரியும் கண்ணு. அதோட கட்டிப்பிடிச்சா நல்லா இருக்காது."

"அப்ப கண்ணாடி சீனை எடுத்துடறீங்களா?"

"அதை எப்படி எடுக்கறது? நியூயார்க் ஹெட் ஆபீஸ்ல அதைப் பாத்துட்டு அழுதிருக்காங்க!"

"ராத்திரி அடி இருக்கு. காலைல இல்ல."

"யாரும் கவனிக்க மாட்டாங்க இர்மா."

"யாரும் கவனிக்க மாட்டாங்கன்னா இருபத்தொரு வருஷமா என்னை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கீங்க?"

மேலே லைட்டுகளுக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். டிப்பெட்டும் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். சிரித்து முடித்ததும் ஒருத்தருக்கு வேலை இருக்காது.

"சரி, 'மூணு வாரம் கழித்து'ன்னு ஒரு வரி போட்டுடறேன். திருப்திதானே?"

"அதே பூ சாடில இருக்கு. அதே உடுப்பு. அதே பெட்டி. மூணு வாரமா அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டு மாடிப்படியிலயே நிக்கறாளா?"

"ஏம்மா, ஒரு குடும்பம் ஒண்ணு சேரணும்னு ஜனங்க ஆசைப்படறாங்க. நீ ஒரு பொட்டுச் சாயத்துக்காகச் சண்டை போடறே."

"சாயம் போட்டது கஸ். அடிச்சது அவங்க அப்பா."

பிக்ஸ்பி அந்த நேரத்தில் லென்ஸ் ஒன்றை வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத் துடைக்க ஒரு ஆள் உண்டு. கஸ் ஸ்பாஞ்சை நனைத்தான். டோரீன் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அரை நிமிஷத்தில் கன்னம் சுத்தமாகிவிட்டது. இர்மா தன் தாளில் எழுதினாள்: 'இடது கன்னம், எழுபத்திநாலோடு பொருந்தவில்லை. தயாரிப்பாளர் உத்தரவு.'

காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் கூடினார்கள். கூடினால் காரணம் கண்டுபிடிப்பார்கள்.

"இதுக்குப் பின்னால ஏதோ இருக்கு."

"வீட்ல வாங்கியிருப்பா போல. ஓர்வில் பாக்கத்தான் சாது."

"இல்லப்பா, சின்ன வயசுல அவ அப்பன்..."

இர்மா கோப்பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, ஒருத்தி நியாயம் கேட்டா அவ அடி வாங்கினவளாத்தான் இருக்கணுமா? ஓர்வில் ஈ வந்தாக்கூட ஜன்னலைத் திறந்து வெளிய அனுப்பற மனுஷன். எங்கப்பா மின்னசோட்டால மாடு வளத்தாரு. மாட்டைக்கூடக் கை நீட்டினதில்ல. உங்களுக்கெல்லாம் படம் எடுத்து எடுத்து மூளை இப்படி ஆயிடுச்சு. எதுக்கெடுத்தாலும் ஒரு பழைய ரகசியம் வேணும்." காப்பியை நிரப்பிக்கொண்டாள். "அடி அங்க இருந்தது. இப்ப இல்ல. இதைச் சொல்ல எனக்கு ரகசியம் எதுக்கு?"

அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் டிப்பெட் அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். பெரிய மனிதர்கள் குந்தி உட்கார்ந்தால் பயப்பட வேண்டும்.

"அந்தத் தாள்ல 'பொருந்துகிறது'ன்னு மாத்திடு கண்ணு."

"பொருந்தலையே."

"நியூயார்க்ல எவனாவது கண்டுபிடிச்சா முதல்ல அந்தத் தாளைத்தான் பாப்பான். 'பொருந்துகிறது'ன்னு இருந்தா, சரி, ஸ்கிரிப்ட் பொண்ணு கோட்டை விட்டுட்டான்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது. 'தயாரிப்பாளர் உத்தரவு'ன்னு இருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

டிப்பெட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "திங்கட்கிழமை பதினோரு வாரப் படம் ஆரம்பிக்குது. உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள தாளை மாத்து. இல்லேன்னா அந்த ஸ்டூல்ல வேற ஆள். இங்க மட்டும் இல்ல, எங்கயும். நான் போன் பண்ண மாட்டேன்னு நினைக்காத." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இந்த ஊரில் ஸ்டுடியோக்கள் ஏழெட்டு. போன் ஒன்று போதும்.

இடைவேளையில் எல்லோரும் போய்விட்டார்கள். இர்மா மட்டும் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மைக் கேபிள் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். டோரீன் வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். அவள் ஏழு வருட ஒப்பந்தத்தில் இருப்பவள். ஒரு வரியைச் சொல்ல மாட்டேன் என்றால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்த நாட்களை ஏழு வருடத்தோடு கூட்டிக்கொள்வார்கள்.

"மிஸஸ் ஹல்வர்சன், அந்த வரியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

"நடிப்பு என் வேலை இல்லம்மா. மிஸ்டர் பிக்ஸ்பியைக் கேளு."

"கேட்டேன். மனசுலேருந்து சொல்லுங்கறாரு." ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள். "அப்பா என்னை அடிச்சார் இல்ல?"

"வியாழன் சாயங்காலம். வலது கை."

"அப்புறம் எங்கயாவது மன்னிப்புக் கேட்டாரா? நான் என் பக்கங்களை மட்டும்தான் படிச்சேன். வேற யார்கிட்டயாவது, அம்மாகிட்டயாவது, சொன்னாரா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இர்மா சாண்ட்விச்சைக் காகிதத்தில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, பிரதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அப்பா பேசும் இடங்களில் விரல் நின்று நின்று போயிற்று. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"நூத்தி முப்பத்தெட்டு பக்கம். எதுலயும் இல்ல."

"புதுப் பக்கத்துல?"

"அதுலயும் இல்ல."

டோரீன் தலையாட்டினாள். எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு போனாள். சாண்ட்விச்சின் மறுபாதியை இர்மா சாப்பிடவில்லை.

எதிரில் நடிகர் இல்லாதபோது அவர் வசனத்தை காமிராவுக்குப் பக்கத்திலிருந்து ஸ்கிரிப்ட் பெண்தான் படிப்பாள். அந்தக் குரல் படத்தில் வராது. நடிகரின் குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். எதிரில் இருப்பவளுக்கு ஒரு பிடி கிடைப்பதற்காகப் படிப்பது. இர்மா இருபத்தொரு வருடத்தில் எத்தனையோ கணவர்களாகவும் காதலர்களாகவும் நீதிபதிகளாகவும் படித்திருக்கிறாள். எல்லாவற்றையும் பஸ் நேர அட்டவணை படிக்கிற மாதிரிதான் படிப்பாள். "நான் உன்னை இனிமேல் நேசிக்கவில்லை" என்று அவள் படித்தால் ஐந்து நாற்பதுக்கு வண்டி கிடையாது என்பதுபோல இருக்கும். நடிகர்களுக்கு அது பிடிக்கும். தங்கள் நடிப்புக்குக் குறுக்கே வராது என்பார்கள்.

இரண்டு மணிக்குத் தொடங்கினோம். டோரீன் மாடிப்படியின் ஏழாம் படியில் நின்றாள். வலது கையில் பெட்டி. காமிரா முகத்துக்குப் பக்கத்தில். நான் மைக்கை அவள் தலைக்கு மேலே இறக்கினேன்.

"வா மகளே. நடந்ததை மறந்துடுவோம்" என்று இர்மா படித்தாள்.

பெட்டி விழுந்தது. "நான்தான் தப்பு பண்ணிட்டேன் அப்பா" என்றாள் டோரீன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடி இறங்கி டோனட் முதுகைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ரிவர்சைட் சனங்கள் கேட்டது அப்படியே அச்சாக இருந்தது.

"பிரமாதம்!" என்றான் டிப்பெட். "பிரிண்ட் போடு. என்ன பிக்ஸ்பி, நான் சொன்னேன்ல?"

"நல்லாத்தான் இருந்தது" என்றார் பிக்ஸ்பி. பிறகு, வழக்கம் என்பதால், "பாதுகாப்புக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம்" என்றார்.

மறுபடி நின்றார்கள். கிளாப் அடித்தார்கள். டோரீன் ஏழாம் படியில் நின்று கீழே பார்த்தாள். இர்மா படிக்க வேண்டிய நேரம் வந்தது. படிக்கவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. என் காதில் மாட்டியிருந்த கருவியில் டோரீன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அதே நேர அட்டவணைக் குரல் கேட்டது.

"நான் உன்னை அடிச்சேன். அது தப்பு."

இவ்வளவுதான்.

பெட்டி விழவில்லை. டோரீன் கையிலேயே இருந்தது. அவள் முகத்தில் நடந்ததை என்னால் எழுத முடியாது. எழுபத்திநாலாம் சீனில் கண்ணாடிக்குள் யாரையோ பார்த்தாளே, அந்தப் பெண் இப்போது வெளியே வந்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இடது கை மெதுவாக எழும்பியது. துடைத்துச் சுத்தமாக்கிய கன்னத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வலிக்கிற இடத்தைத் தொடுகிற மாதிரி தொட்டது. வசனம் சொல்லவில்லை. ஓடி வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கைகளை விரித்து நின்ற முதுகு என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை விரித்தபடியே நின்றது.

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. பிக்ஸ்பி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். 'கட்' என்று சொன்னது டிப்பெட்.

"அது என்ன?" என்றான். இப்போது சிரிக்கவில்லை. "அந்த வரி எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல மிஸ்டர் டிப்பெட்" என்றாள் இர்மா. "அதான் படிச்சேன்."

"இதைப் பிரிண்ட் போடாதீங்க. முதல் டேக்தான். பிக்ஸ்பி, கேக்குதா?"

பிக்ஸ்பிக்குக் கேட்டது. தலையை ஆட்டினார். டிப்பெட் இர்மாவுக்குப் பக்கத்தில் வந்து, தாளைக் குனிந்து பார்த்தான். 'பொருந்தவில்லை' அப்படியே இருந்தது.

"திங்கட்கிழமை வர வேண்டாம்" என்றான். "எங்கயும் போக வேண்டாம்."

கதவு திறந்து மூடியது. வெளி வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து போயிற்று. மாடிப்படியைக் கழற்ற ஆட்கள் சுத்தியலோடு வந்து, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்து நின்றார்கள். டோரீன் இன்னும் ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தாள். லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பிரிண்ட் போடாத டேக் படத்தில் சேராது; அதற்குக் குறிப்பு எழுதத் தேவையில்லை. இர்மா ஒரு புதுத் தாள் எடுத்தாள். இரண்டாம் டேக், ஒரு நிமிஷம் ஏழு விநாடி என்று எழுதினாள். பிறகு நிறுத்தினாள். சரியாக எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, தன் இடது கையைத் தூக்கிக் கன்னத்தில், எலும்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். மூன்று விரல். கட்டைவிரல் தாடைக்கு அடியில். அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினாள்.